பீடியும் காலும்: இளம் வயதில் காலைப் பறிக்கும் ஓர் இரத்தக்குழாய் நோய்

(விருத்தாசலம் வட்டாரத் தம்பதியருக்கு ஆற்றிய குடும்ப நல உரை)



குடும்ப நலத்துறையிலிருந்து பேச வந்திருக்கிறார்கள் என்றவுடனே, "பிள்ளை அளவாகப் பெத்துக்கச் சொல்லப் போறாங்க" என்று நினைப்பது வழக்கம். அதுவும் குடும்ப நலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அளவாக இரண்டு பிள்ளை பெற்று, இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற வீட்டிலே, சம்பாதிக்கிற மனிதர் 35 வயதில் ஒரு காலை இழந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு நலம் எங்கிருந்து வரும்? ஆகவே இன்றைக்கு ஒரு நோயைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அரிதான நோய்தான். ஆனால் வருகிறபோது வேலை செய்கிற வயதில், பிள்ளை வளர்க்கிற வயதில் வருகிறது. அதற்குப் பெயர் பர்ஜர் நோய்.

இந்த நோய்க்கு முழுமையாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆனால் மேலும் முற்றாமல் தடுத்து நிறுத்தும் வழி ஒன்று உண்டு. அந்த வழிக்குக் காசு செலவில்லை. அது கணவன் கையிலும் இருக்கிறது, மனைவி கையிலும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நோய் என்ன செய்கிறது?

இதயத்திலிருந்து நல்ல இரத்தம் உடம்பு முழுவதும் குழாய்கள் வழியாகப் போகிறது. பெரிய குழாய், அதிலிருந்து நடுத்தரக் குழாய், அதிலிருந்து சிறிய குழாய் என்று பிரிந்து பிரிந்து கால் விரல் நுனி வரைக்கும் போய்ச் சேருகிறது. வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடைக்குத் தண்ணீர் முதலில் வரும். கடைமடைக்குக் கடைசியில் வரும். வாய்க்காலில் அடைப்பு ஏற்பட்டால் முதலில் காய்ந்து போவது கடைமடைப் பயிர்தான். உடம்பிலே கடைமடை என்பது கால் விரல்களும் கை விரல்களும்.

பர்ஜர் நோயில் கை கால்களில் இருக்கிற சிறிய, நடுத்தர இரத்தக்குழாய்கள் உள்ளுக்குள்ளே அழற்சியடைந்து வீங்குகின்றன. அந்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்துக்கொள்கிறது. முதலில் பாதம், பிறகு கணுக்கால், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று அடைப்பு மேலே ஏறும். ஒரு காலோடு நிற்பதும் இல்லை. பெரும்பாலும் இரண்டு கால்களையும், சிலருக்குக் கைகளையும் சேர்த்துப் பிடிக்கிறது.

1879-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் வினிவார்ட்டர் என்பவர் இப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பிறகு 1908-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் லியோ பர்ஜர் என்ற டாக்டர், அழுகிப்போனதால் வெட்டி எடுக்கப்பட்ட கால்களை ஆராய்ந்து, உள்ளே இரத்தக்குழாய்கள் எப்படி அடைபட்டிருக்கின்றன என்று விவரமாக எழுதினார். அவர் பெயராலேயே நோய்க்குப் பெயர் நிலைத்துவிட்டது.

யாருக்கு வருகிறது?

நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஒரே மாதிரியான ஆட்களாக இருப்பது தெரிகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒன்று, வயது. சாதாரணமாகக் கால் இரத்தக்குழாய் அடைப்பு என்பது 60 வயதுக்கு மேல், சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வருவது. பர்ஜர் நோய் அப்படியில்லை. 20 வயதுக்கு மேல் 45 வயதுக்குள் தொடங்குகிறது. 50 வயதைத் தாண்டியபின் புதிதாகத் தொடங்குவது அபூர்வம்.

இரண்டு, ஆணா பெண்ணா என்பது. பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்கு வராது என்று நினைத்துவிடக் கூடாது. பெண்களும் அதிகமாகச் சிகரெட் பிடிக்கிற அமெரிக்காவில், ஒரு பெரிய மருத்துவமனையில் பார்த்த நோயாளிகளில் நூற்றுக்கு 23 பேர் பெண்கள். நம் ஊரில் பெண்களுக்குக் குறைவாக வருவதற்குக் காரணம் அவர்கள் பீடி குடிக்காததே.

மூன்று, புகையிலை. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பர்ஜர் நோய் வந்தவர்களைக் கேட்டால், ஏறத்தாழ அத்தனை பேரும் புகையிலை பழகியவர்கள். அநேகம் பேர் பதினைந்து, பதினாறு வயதிலேயே ஆரம்பித்தவர்கள். இளவயதில் கால் குழாய் அடைபட்டிருந்தாலும் புகையிலைப் பழக்கமே இல்லையென்றால், டாக்டர்கள் இதைப் பர்ஜர் நோய் என்று எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வேறு காரணம் தேடுவார்கள்.

நான்கு, வாழ்கிற இடம். மேற்கு ஐரோப்பாவில் கால் இரத்தக்குழாய் அடைப்போடு வருகிறவர்களில் நூற்றுக்கு அரை ஆள் முதல் ஐந்தாறு பேருக்குத்தான் இந்த நோய். நம் இந்தியாவிலோ, பழைய கணக்குகளின்படி நூற்றுக்கு 45 பேர் முதல் 63 பேர் வரை இருந்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் வங்கதேசத்திலும் இந்நோயாளிகளில் பலர் பீடி குடிக்கிறவர்கள், உடலுழைப்பால் பிழைக்கிறவர்கள்.

ஐந்து, பல்லும் ஈறும். இந்த நோயாளிகளுக்கு ஈறு வியாதி அதிகமாக இருக்கிறது. 2005-ல் ஜப்பானிய டாக்டர்கள் நோயாளிகளின் அடைபட்ட இரத்தக்குழாய்களை ஆராய்ந்து, ஈறு நோய்க் கிருமிகளின் தடயம் அவற்றில் இருப்பதாக எழுதினார்கள். ஆகவே தினமும் இருவேளை பல் துலக்குவதும், ஈறில் இரத்தம் வந்தால் டாக்டரிடம் காட்டுவதும் நல்லது.

"எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு, அவருக்குக் கால் போகலையே!" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பீடி குடிக்கிற எல்லாருக்கும் பர்ஜர் நோய் வருவதில்லை. சிலருடைய உடம்பு புகையிலைக்கு இப்படி எதிர்வினை காட்டுகிற விதமாக அமைந்திருக்கிறது. யாருடைய உடம்பு அப்படிப்பட்டது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பரிசோதனை எதுவும் கிடையாது. கால் கறுத்த பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

எதனால் வருவதில்லை?

நம் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பிரசித்தம். பொம்மை, அகல் விளக்கு, மின்சாரத்துக்கான பியூஸ் சாமான்கள் என்று எத்தனையோ செய்கிறோம். சூளையில் அடுக்குகிறவர்கள், அச்சில் மண்கூழ் ஊற்றுகிறவர்கள், பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற பெண்கள் என்று பலருக்கும் அதில் ஜீவனம். "சூளை உஷ்ணம்தான் காலைப் பிடிச்சிடுச்சு" என்று நினைப்பவர்கள் இருக்கலாம். அது சரியல்ல. சூளைச் சூட்டினால் இந்த நோய் வருவதில்லை. பீங்கான் தூசி நுரையீரலைக் கெடுக்கும்; அதற்கு மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் கால் குழாய் அடைபடுவதற்குத் தூசி காரணமில்லை. வேலை இடைவேளையில் சூளை ஓரம் உட்கார்ந்து பற்றவைக்கிற பீடிதான் காரணம்.

அதுபோலவே இது செய்வினையால் வருவதில்லை. தொற்றுநோயும் அல்ல; ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கூடப் படுப்பதாலும் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ ஒட்டாது. இதைத் தாய்மார்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காலில் புண் வந்தவரைத் தனிப் பாய், தனிக் குவளை என்று ஒதுக்கி வைப்பது பாவம்.

பீடியில் அப்படி என்ன இருக்கிறது?

"சிகரெட்டுதான் கெடுதல், பீடி இலையில் சுற்றினது, கெடுதல் குறைச்சல்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மை என்னவென்றால், பீடி சீக்கிரம் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு பீடியிலிருந்து உள்ளே போகிற நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல; பல சமயம் அதைவிட அதிகம்.

நிகோட்டின் இரத்தக்குழாயைச் சுருங்கச் செய்கிறது. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராண வாயு ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாய்க்காலும் குறுகி, வருகிற தண்ணீரும் சத்திழந்தால் கடைமடை என்னாகும்? இத்தோடு, இந்த நோய்க்கு ஆளாகிறவர் உடம்பில் புகையிலையே குழாயின் அழற்சியையும் தூண்டுகிறது.

அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் 1947-ல் பதிவான ஒரு லட்சம் நோயாளிகளில் 104 பேருக்கு இந்த நோய் இருந்தது. 1986-ல் லட்சத்துக்குச் சுமார் 13 பேராகக் குறைந்துவிட்டது. நோயை இன்னும் கறாராகக் கண்டறியத் தொடங்கியது ஒரு காரணம். அந்த நாட்டில் புகைப்பழக்கம் குறைந்தது இன்னொரு காரணம்.

அறிகுறிகள் எப்படி வரும்?

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கணவருக்கு வயது 32. பதினேழு வயதிலிருந்து பீடி. சூளையில் வேலை. மனைவி பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறார். இரண்டு பிள்ளைகள்.

முதலில் அவருக்கு நடக்கும்போது உள்ளங்கால் குழிவில் ஒரு பிடிப்பு. கொஞ்ச தூரம் நடந்தால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும், திரும்ப நடந்தால் வலிக்கும். "செருப்பு சரியில்ல" என்று செருப்பை மாற்றுகிறார். சில மாதம் கழித்து வலி ஆடுசதைக்கு ஏறுகிறது.

சில சமயம் காலில் தோலுக்கடியில் ஓடுகிற நரம்பு கயிறுபோலத் தடித்துச் சிவந்து வலிக்கிறது. பத்து நாளில் ஆறிவிடுகிறது. பிறகு இன்னோர் இடத்தில் வருகிறது. "நரம்புச் சுளுக்கு" என்று எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்.

மார்கழிக் குளிரில் விரல்கள் வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவக்கின்றன. பாதம் தொட்டால் சில்லென்றிருக்கிறது.

அடுத்து வருவதுதான் பெரிய எச்சரிக்கை. ராத்திரி படுத்தால் காலில் எரிச்சலும் குத்தலும். தூக்கம் வராது. எழுந்து கட்டிலோரம் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் கொஞ்சம் தேவலை. காலைத் தொங்கப் போட்டால் இரத்தம் கீழே இறங்குவதால் வரும் ஆறுதல் அது. தாய்மார்களே, உங்கள் கணவர் நடுராத்திரியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அன்றைக்கே விழித்துக்கொள்ளுங்கள். அந்த வலியை மறக்க அவர் பற்றவைக்கிற பீடிதான் அந்த வலியைக் கூட்டுகிறது.

கடைசியில் விரல் நுனியிலோ நகக்கண்ணிலோ சின்னப் புண். ஆறாது. பிறகு விரல் கறுக்கும். கறுத்த விரலுக்கு உயிர் திரும்புவதில்லை. அழுகல் மேலேறினால் உயிரைக் காப்பாற்ற விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும்.

முதல் பிடிப்பிலிருந்து கறுப்பு வரை சிலருக்குச் சில ஆண்டுகள் ஆகும், சிலருக்குச் சில மாதங்களே ஆகும். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

வேறு நோய்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

காலில் புண், விரல் குறைவு என்றவுடன் கிராமங்களில் தொழுநோயோ என்று சந்தேகப்படுவார்கள். தொழுநோய்ப் புண்ணில் உணர்ச்சி இருக்காது, வலி தெரியாது. ஆனால் பாதத்தில் நாடி அடிக்கும். பர்ஜர் நோயில் வலி உயிர் போகும். பாதத்தில் நாடி அடிக்காது. தொழுநோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது, முழுமையாகக் குணமாகும். ஆகவே எந்த நோய் என்று டாக்டர் சொல்லட்டும், பக்கத்து வீட்டார் சொல்ல வேண்டாம்.

சர்க்கரை வியாதியிலும் காலில் ஆறாத புண் வரும். ஆகவே இரத்தத்தில் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். மூட்டு வாதம், இடுப்பு நரம்புப் பிடிப்பு என்று எண்ணி வருடக்கணக்கில் தைலம் தேய்த்துக் காலம் கடத்துவதும் உண்டு. கீழ்ப்படிப்பு இல்லாமல், டாக்டரைப் பாராமல், நடந்தால் வலி நின்றால் சுகம் என்கிற காலைத் தைலத்தோடு விட்டுவிடக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பாதத்தின் மேல்புறம், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேரே நடுவில் இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். அடுத்து, உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வையுங்கள். இரண்டிடத்திலும் நாடி துடிப்பது தெரியும். மேல்பாத நாடி சில ஆரோக்கியமான ஆட்களுக்கும் தட்டுப்படாமல் இருக்கலாம். ஆனால் இரண்டிடத்திலும் தட்டுப்படவில்லை, பாதமும் சில்லிட்டிருக்கிறது, ஆளும் பீடி குடிப்பவர் என்றால் தாமதிக்காதீர்கள். கணவனுக்கு மனைவி பார்க்கலாம், மனைவிக்குக் கணவன் பார்க்கலாம். இதில் வெட்கம் என்ன இருக்கிறது?

நிறுத்தினால் கால் பிழைக்கும்

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரத்து மருத்துவமனையில் பர்ஜர் நோயாளிகள் 112 பேரைப் பற்றிய ஆய்வை 1990-ல் வெளியிட்டார்கள். தொடர்ந்து கவனித்து வந்ததில், புகைப்பதை நிறுத்தியவர்களில் விரலையோ காலையோ இழந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 5 பேர். நிறுத்தாதவர்களில் நூற்றுக்கு சுமார் 42 பேர். ஐந்து எங்கே, நாற்பத்திரண்டு எங்கே! எந்த மாத்திரையும் எந்த ஆபரேஷனும் இவ்வளவு வித்தியாசத்தைக் காட்டியதில்லை.

அடைபட்ட குழாய் மறுபடி திறக்காமல் போகலாம். ஆனால் பீடியை விட்டால் புதிய அடைப்பு நின்றுவிடுகிறது. உடம்பு சும்மா இருப்பதில்லை. அடைபட்ட வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு சின்னச் சின்னக் கிளை வாய்க்கால்களை வெட்டிக்கொள்கிறது. அவை மெதுவாகப் பெருத்து இரத்தத்தைக் கடைமடைக்குக் கொண்டு சேர்க்கின்றன. பீடியைத் தொடர்ந்தால் அந்தக் கிளை வாய்க்கால்களும் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன.

"முழுக்க விட முடியாது, ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு குடிச்சுக்கிறேன்" என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. மற்ற வியாதிகளில் குறைத்தால் குறைந்த பலன் கிடைக்கும். இந்த நோயில் அப்படியில்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு புகைத்தாலும் நோய் விழித்துக்கொண்டேதான் இருக்கும். புகையிலை மெல்லுவதும் பொடி போடுவதும் அப்படியே. "பீடியை விட்டுட்டேன், வெத்தலையோட கொஞ்சம் புகையிலை மட்டும்" என்பது காலுக்குக் கண்ணி வைப்பதுதான். பக்கத்தில் வேறொருவர் விடுகிற புகைகூட நல்லதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகையை மறப்பதற்காக நிகோட்டின் கலந்த சூயிங்கம், ஒட்டுப்பட்டை என்று கடைகளில் விற்கிறார்கள். மற்றவர்களுக்கு அவை உதவும். பர்ஜர் நோய் உள்ளவர்களுக்கு அந்த நிகோட்டினே நோயைத் தூண்டக்கூடும். ஆகவே தாமாக வாங்கி உபயோகிக்கக் கூடாது. நிகோட்டின் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன, டாக்டரைக் கேளுங்கள்.

பணம், பதவி, நல்ல டாக்டர் எல்லாம் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஓயாமல் சிகரெட் பிடித்தவர். கால் இரத்தக்குழாய் அடைபட்டு 1949 மார்ச் மாதம் அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். 1951-ல் ஒரு பக்க நுரையீரலையே எடுத்தார்கள். 1952 பிப்ரவரியில் 56 வயதில் காலமானார். அரண்மனை வைத்தியத்தாலும் புகையை வெல்ல முடியவில்லை.

கணவருக்குச் சில வார்த்தைகள்

ஐயா, நிறுத்துவதற்கு ஒரு நாளைக் குறியுங்கள். முந்தின ராத்திரியே வீட்டிலிருக்கிற கட்டு, துண்டு பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். முதல் மூன்று நாள் கஷ்டமாயிருக்கும். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், கை துறுதுறுக்கும். ஒரு வாரத்தில் தணியத் தொடங்கும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆசை கிளம்புகிறபோது ஐந்து நிமிஷம் தள்ளிப் போடுங்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள், நாலு முறை ஆழமாக மூச்சு விடுங்கள், கையில் ஒரு வேலையை எடுங்கள். ஆசை ஒரு அலை மாதிரி வந்து போய்விடும்.

டீக்கடையில் "ஒண்ணு இழுப்பா" என்று நீட்டுகிற நண்பரிடம், "கால் வேணும்ப்பா, விட்டுட்டேன்" என்று பளிச்சென்று சொல்லிவிடுங்கள். வேலை செய்கிற பட்டறையும் பொது இடம்தான். பொது இடத்தில் புகைப்பது 2008 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பிள்ளையைக் கூப்பிட்டு, "ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கிட்டு வா" என்று அனுப்பாதீர்கள். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, வாங்கப் போகிற பிள்ளை நாளைக்கு இழுக்கப் பழகும்.

பீடிக்குத் தினம் 25 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 9,125 ரூபாய். அதை ஓர் உண்டியலில் போட்டு வாருங்கள். வருஷ முடிவில் பிள்ளைகள் முன்னால் உடைத்து எண்ணுங்கள்.

மனைவிக்குச் சில வார்த்தைகள்

அம்மா, தினமும் திட்டினால் அவர் வெளியே போய்க் குடித்துவிட்டு வருவார். பொய் சொல்லப் பழகுவார். "ஏங்க, உங்க காலை நான் பாக்குறேன், காட்டுங்க" என்று கேளுங்கள். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். புண் இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பாருங்கள். "இத்தனை நாள் தாண்டிட்டீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். விட்டபின் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடாதீர்கள். மறுநாள் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள்.

நீங்களும் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவராக இருந்தால் அவரோடு சேர்ந்து நீங்களும் விட்டுவிடுங்கள். கர்ப்பமாக இருக்கிற தாய்மார்கள் இருக்கிற வீட்டில் புகையே கூடாது. அந்தப் புகை வயிற்றுப் பிள்ளையின் எடையைக் குறைக்கும்.

காலைப் பேணும் முறை

நோய் இருக்கிறதென்று தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வெறுங்காலோடு நடக்காதீர்கள். பட்டறையில் உடைந்த பீங்கான் சில்லு சிதறிக் கிடக்கும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் ஒரு சின்னக் கீறல்கூட ஆறாப் புண்ணாகும். விரலை நெருக்காத, மூடிய செருப்பு அணியுங்கள். காயம் பட்டால் உடனே சுகாதார நிலையத்துக்குப் போய்க் கட்டுப் போட்டு, தேவையான ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

2. கால் சில்லென்றிருக்கிறது என்று சூடு வைத்த செங்கல்லால் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சுடுமணல், வெந்நீர்ப் பை எதுவும் வேண்டாம். கால் வெந்துபோய்ப் புண்ணாகிவிடும். துணியால் போர்த்தி, காலுறை போட்டுக் கதகதப்பாக வைத்தால் போதும்.

3. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். புண்ணில் சாம்பல், பச்சிலை, சாணம் எதுவும் வைக்காதீர்கள்.

4. புண் இல்லாதவர்கள் தினமும் நடக்க வேண்டும். வலி வந்தால் நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். கிளை வாய்க்கால் வளர இது உதவும். புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு நடக்க வேண்டும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஊர்ச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற ஊழியர்களிடம் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், காலையும் காட்டுங்கள். அங்கிருந்து விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் இரத்தக்குழாய் மருத்துவர்கள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. அங்கே குழாயில் இரத்தம் எங்கே தடைபடுகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். வலியைத் தணிக்கவும் புண் ஆறவும் மருந்துகள் உண்டு. சிலருக்கு நரம்பு ஆபரேஷன் செய்வார்கள். குழாயை மாற்றுகிற ஆபரேஷன் இந்த நோயில் எல்லாருக்கும் சாத்தியப்படுவதில்லை. அடைபடுவது மிகச் சிறிய குழாய்கள் என்பதே காரணம். எந்தச் சிகிச்சையானாலும் பீடியை விட்டவருக்குத்தான் பலிக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

புகையிலையை விடுவதற்கு ஆலோசனை வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். கட்டணம் இல்லை.

முடிவாக

அன்பார்ந்த தம்பதியரே, நம் ஊர்ப் பட்டறையில் ஒரு பொம்மை உடைந்துவிட்டால் கவலையில்லை. அச்சு இருக்கிறது, மண்கூழை ஊற்றினால் மறுநாள் இன்னொன்று எடுத்துவிடலாம். மனிதர் காலுக்கு அச்சு கிடையாது. இருக்கிற இரண்டைத்தான் ஆயுசு வரைக்கும் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். ஒருவர் பாதத்தை ஒருவர் தொட்டு நாடி பாருங்கள். பீடியை விடுகிற தேதியை இருவரும் சேர்ந்து காலண்டரில் குறியுங்கள். நடந்தால் வலி, நின்றால் சுகம் என்று யாராவது அக்கம்பக்கத்தில் சொன்னால் அவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

பீடியை அணைப்போம், காலைக் காப்போம், குடும்பத்தை வாழவைப்போம்.